காக்கை கட்டிய வீட்டில் வல்லூறு

ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன் நான். ஆட்களை இறக்கிவிட்டால் அடுத்த ஷிப்ட் விடும்வரை வேலையில்லை. ஏரிக்கரைப் பனைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தேடுவது செந்தலை வல்லூறு. புறா அளவுதான். உச்சந்தலையும் பிடரியும் செங்கல் நிறம், முதுகு சாம்பல், வெள்ளை வயிற்றில் பொடிக் கருங்கோடுகள், வால் நுனிக்கு முன்னால் அகலமான கறுப்புப் பட்டை. எங்கள் பகுதியில் அபூர்வம். கண்ணில் பட்டால் அன்றைக்கு டீ என் செலவு என்று மற்ற டிரைவர்களிடம் தைரியமாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

இதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பங்காளி உண்டு. சகாராவுக்குத் தெற்கே வாழும் அதற்கு மார்பில் செந்நிறப் பட்டை கூடுதல். இரண்டும் ஒரே இனம் என்பார் சிலர், வேறு என்பார் சிலர். அந்த வழக்கு எனக்கு எதற்கு? அங்கேயும் அது பனையைத்தான் நாடுகிறது என்பதுதான் விசேஷம். நம் பனைக்கு நெருங்கிய சொந்தமான ஆப்பிரிக்கப் பனையின் கொண்டையில் முட்டையிடுகிறது. பனையில்லாத கலஹாரியில் வேல மரத்துக் காக்கைக் கூடு போதும்.

வல்லூறுகள் சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. அதே கலஹாரியில் ஆப்பிரிக்காவின் மிகச் சிறிய வல்லூறு இருக்கிறது; எடை சுமார் 60 கிராம். குருவிகள் கூட்டமாகக் கட்டிய பிரம்மாண்டமான புல் கூட்டில் ஓர் அறையைப் பிடித்துக்கொள்ளும். வாடகை கிடையாது, சமயத்தில் வீட்டுக்காரனின் குஞ்சையே தின்றுவிடும்.

நம்மூரில் வீட்டுக்காரன் காக்கை. காவோலை கழிக்காத பனையில், மட்டைகளுக்கு நடுவே சுள்ளியும் கட்டுக்கம்பியும் செருகிக் கோடையில் கட்டும். தையில் அந்தக் கூடு காலி. வல்லூறு முட்டையிடுவது தை முதல் சித்திரை வரை. வேட்டை பெரும்பாலும் ஜோடியாக: ஒன்று தாழப் பறந்து வானம்பாடியைக் கிளப்ப, மற்றது மேலிருந்து பாயும். அந்தியில் வௌவாலையும் விடாது.

பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 76 லட்சம் பனை விதை தருவதாகவும் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் வடலி நெடும்பனையாக ஒரு தலைமுறை ஆகும். வடலியில் வல்லூறு தங்காது.

மட்டை கழிக்க வருகிறவர்களிடம், “காக்காக் கூடு இருக்கிற மரத்த வைகாசி வரைக்கும் விட்டுடுங்கண்ணே” என்பேன். “காக்காவுக்கா இவ்வளவு?” என்று சிரிப்பார்கள். ஒருவர் மட்டும் ஒரு மரத்தை விட்டுவைத்தார். அது கரையோரம் சாய்ந்து நிற்பதால் ஏறத் தோதில்லையாம்.