வேகமும் அபராதமும்

ஹைதராபாத்தின் மேற்கே, கொத்தகூடா சந்திப்பை அடுத்துள்ள கொண்டாப்பூரில் தமிழர் பலர் வாழ்கிறோம். வண்டி ஓட்டும் நம்மிடையே சில உபாயங்கள் வழங்கி வருகின்றன. காமிராவைக் கண்டதும் வேகத்தைத் தணித்து, கடந்ததும் பழையபடி விரைவது ஒன்று. எதிரே வருவோருக்கு விளக்கைச் சிமிட்டி எச்சரிப்பது மற்றொன்று. எண் பலகையை வளைப்பதும் மறைப்பதும் மூன்றாவது.

இவை எவ்வளவு பயன் தரும்? போலீசாரின் லேசர் கருவி ஒளித் துடிப்புகளை வண்டியின்மீது செலுத்தி, அவை திரும்பி வரும் நேர வேறுபாட்டைக்கொண்டு வேகத்தைக் கணிக்கிறது. நூற்றுக்கணக்கான மீட்டர் தொலைவிலேயே, கணப்பொழுதில் வேலை முடிந்துவிடும். நாம் கருவியைக் காணுமுன் அது நம்மைக் கண்டுவிடுகிறது. எண் பலகையை மறைப்பதோ, சிறு அபராதத்தோடு தீரவேண்டியதை மோசடி வழக்காக வளர்க்கக்கூடும்.

தள்ளுபடிக்குக் காத்திருப்போரும் உளர். தெலங்கானாவில் 2022ஆம் ஆண்டிலும், 2023ஆம் ஆண்டின் இறுதியிலும் நிலுவை அபராதங்களுக்குப் பெருந்தள்ளுபடி அளிக்கப்பட்டது உண்மையே. ஆயின் இயற்கையின் விதியில் தள்ளுபடி இல்லை. பிரேக்கை அழுத்தியபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் 60 ஆனால் அத்தூரம் இரண்டேகால் மடங்கு. 80 ஆனால் நான்கு மடங்கு. குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு அந்த இடைவெளியே உயிர்.

இதற்கு ஈடாக நாம் பெறுவது என்ன? ஐந்து கிலோமீட்டர் வழியை 40க்குப் பதில் 60இல் கடந்தால் மிஞ்சுவது இரண்டரை நிமிடம். அதுவும் அடுத்த சிவப்பு விளக்கில் கரைந்துவிடும். இரண்டரை நிமிடம் தாமதித்து வந்தால் வீட்டில் சோறு ஆறிவிடாது. வராமற்போனால் ஊரிலுள்ள பெற்றோருக்கு யார் ஆறுதல் சொல்வது?