புறப்பட்டது 10.00, சேர்ந்தது 9.50

மலாக்கா, பத்து பெரெண்டாம் விமான நிலையத்திலிருந்து காலை மணி 10.00க்கு ஒரு சிறிய விமானம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மலாக்கா நீரிணையைக் கடந்து, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள பெக்கான்பாரு விமான நிலையத்தை அடைகிறது. அங்குள்ள கடிகாரமோ காலை மணி 9.50 எனக் காட்டுகிறது. புறப்படும் முன்பே விமானம் போய்ச் சேர்ந்துவிட்டதா? இப்புதிரை விடுவிக்க, தூரம், வேகம், நேரம் ஆகிய மூன்றையும் ஆராய வேண்டும்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். இவ்விரு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 220 கிலோமீட்டர். மலாக்காவிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சாலை வழியாகச் செல்லும் தூரமும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

அடுத்தது வேகம். குறுந்தூரப் பயணங்களுக்கு ஏ.டி.ஆர். 72 போன்ற, சுழல்விசிறி பொருத்திய விமானங்கள் ஏற்றவை. சுமார் 70 பேரை ஏற்றிச் செல்லும் இவ்விமானம், வானில் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 220ஐ 500ஆல் வகுத்தால், பயணம் 26 நிமிடங்களில் முடிந்துவிட வேண்டும். ஆனால், விமானம் ஓடுதளத்திற்கு மெதுவாக ஊர்ந்து செல்கிறது. படிப்படியாக மேலே ஏறுகிறது. தரையிறங்கும் முன் வேகத்தைக் குறைக்கிறது. அது எப்போதும் நேர்க்கோட்டில் பறப்பதும் இல்லை. ஆகவே, பயண அட்டவணையில் 50 நிமிடங்கள் ஒதுக்கப்படுகின்றன எனக் கொண்டால், சராசரி வேகம் மணிக்கு 264 கிலோமீட்டர் மட்டுமே.

அப்படியானால், விமானம் சேரும்போது மணி 10.50 ஆகியிருக்க வேண்டும் அல்லவா? மலேசியாவில் 10.50தான்! ஆனால், மேற்கு இந்தோனேசியாவின் நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. 1982 ஜனவரி 1ஆம் நாள் முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னோக்கி நகர்த்தப்பட்டு, சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டது. அதற்கு முன் மலாக்காவுக்கும் பெக்கான்பாருவுக்கும் இடையே அரை மணி நேர வேறுபாடே இருந்தது.

இக்கணக்கு வெறும் விளையாட்டன்று. சுமத்ராவிலிருந்து பலர் மருத்துவச் சிகிச்சைக்காக மலாக்கா வருகின்றனர். பெக்கான்பாருவில் காலை மணி 11.00க்கு விமானம் ஏறும் ஒரு நோயாளிக்கு, மலாக்காவில் நண்பகல் 12.00க்கு மருத்துவரைச் சந்திக்க முன்பதிவு உள்ளது. 50 நிமிடத்தை மட்டும் கூட்டிப் பார்த்து, "பத்து நிமிடம் மீதமிருக்கிறது" என அவர் நிம்மதி அடையலாம். உண்மையில், அவர் தரையிறங்கும்போது இங்கு மணி 12.50!

மேலும், பயணம் விமானத்தில் மட்டும் நடப்பதில்லை. அலோர் காஜாவில் வசிக்கும் ஒருவர் பெக்கான்பாரு செல்ல, விமான நிலையத்தை அடைய அரை மணி நேரம், பதிவுக்கும் குடிநுழைவுச் சோதனைக்கும் இரண்டு மணி நேரம், பறக்க 50 நிமிடம், இறங்கியபின் கடப்பிதழைக் காட்டி வெளியேற அரை மணி நேரம் என ஒதுக்கினால், மொத்தம் 3 மணி 50 நிமிடம் ஆகிறது. அதில் விமானப் பயணம் கால் பங்குகூட இல்லை.

ஆகவே, பயணம் புறப்படும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம்: எவ்வளவு தூரம்? வீட்டு வாசலிலிருந்து எவ்வளவு நேரம்? போய்ச் சேரும் இடத்தில் அப்போது மணி என்ன? மூன்றாவது கேள்வியை மறந்தவருக்கு, முதலிரண்டுக்கும் சரியான விடை தெரிந்திருந்தும் பயனில்லை.