ட்ரோன் பறக்க நல்ல இடம் எது?

ஆளில்லா விமானம் எனத் தமிழில் சொல்லப்படும் ட்ரோன் இன்று நமது கிராமங்களுக்கும் வந்துவிட்டது. திருமண வீட்டிலும் பாடசாலை விளையாட்டுப் போட்டியிலும் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போகும் அதைச் சிறுவர்கள் அண்ணாந்து பார்த்தபடி துரத்துகிறார்கள். வயலுக்கு மருந்து தெளிக்கவும் நிலத்தை அளக்கவும் வெள்ளம் எதுவரை ஏறியுள்ளது என்று பார்க்கவும் அது பயன்படுகிறது. கட்டாரிலோ சவூதியிலோ தொழில் செய்யும் உறவினர் ஊருக்கு வரும்போது ஒன்றைக் கொண்டு வருவதும் உண்டு.

ட்ரோன் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, "எவ்வளவு உயரம் போகும்? எவ்வளவு நேரம் பறக்கும்?" என்பதைத்தான். அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி, "எங்கே பறக்கலாம்?" என்பது. கிராமம் என்றால் வெட்டவெளிதானே, எங்கே பறந்தால் என்ன என்று தோன்றும். உண்மையில் கிராமத்திலும் நல்ல இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தையும் அதன் மேற்கே விரிந்துள்ள வயல்வெளிகளையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, அந்தத் தேடலை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் சட்டம்

இலங்கையில் ட்ரோன் பறப்பை ஒழுங்குபடுத்துவது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமான சேவைகள் சட்டத்தின் கீழ் அது இயங்குகிறது. ட்ரோனைப் பதிவு செய்வது, பறப்பதற்கு அனுமதி பெறுவது என்பவை அதன் பாரத்தையும் பயன்பாட்டையும் பொறுத்தவை. வெளிநாட்டிலிருந்து கொண்டு வரும் ட்ரோனுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் தேவை. ட்ரோன் வானொலி அலைகள் மூலம் இயக்கப்படுவதே இதற்குக் காரணம்.

இந்த விதிகள் மாறக்கூடியவை. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர் அதே மாதத்தில் நாடு முழுவதும் ட்ரோன் பறப்பு தடைசெய்யப்பட்டது. பின்னரே அனுமதி பெற்றுப் பறக்கும் நிலை வந்தது. ஆகவே, கடந்த வருடம் ஒருவர் சொன்னதை வைத்துக்கொண்டு இந்த வருடம் பறக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதிகாரசபையின் நடைமுறையைப் பார்த்து உறுதி செய்வது பெற்றோரின் பொறுப்பு.

வரைபடத்தில் தேடுதல்

நல்ல இடத்தைத் தேடும் வேலை வீட்டு மேசையிலேயே தொடங்குகிறது. கைத்தொலைபேசியில் உள்ள செய்மதி வரைபடத்தையோ நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 அளவிலான வரைபடத்தையோ எடுத்து, பறக்கக் கூடாத இடங்களை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். உகனையில் விமானப் படைத் தளம் இருக்கிறது. இராணுவ முகாம்கள், பொலிஸ் மற்றும் விசேட அதிரடிப்படை முகாம்கள், ஒலுவில் துறைமுகம் ஆகியவற்றின் அருகே போக வேண்டாம். தீகவாபி போன்ற தொல்லியல் சிறப்பும் வழிபாட்டு மதிப்பும் உள்ள இடங்களையும் விட்டுவிட வேண்டும். லகுகல, குமண, கல்லோயா ஆகியவை தேசிய வனங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி அங்கே ட்ரோனை எடுக்க முடியாது.

இவற்றையெல்லாம் வட்டமிட்டுக் கழித்த பின்னர் எஞ்சும் வெளிகளில்தான் நமக்குரிய இடம் இருக்கும். அப்படி இரண்டு மூன்று இடங்களைத் தெரிந்துகொண்டு, ட்ரோன் இல்லாமல் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மின்கம்பியையும் புதிதாக எழும்பிய தொலைபேசிக் கோபுரத்தையும் செய்மதிப் படம் எப்போதும் காட்டாது.

தலைக்கு மேலே

ட்ரோன் தான் நிற்கும் இடத்தைச் செய்மதிகளிடமிருந்து அறிந்துகொள்கிறது. அதற்கு வானம் நாலாபுறமும் திறந்திருக்க வேண்டும். தென்னந்தோப்புக்குள் நின்று ஏற்றினால் போதிய செய்மதிகள் அகப்படா. ட்ரோன் ஓரிடத்தில் நிற்காமல் அலையும். இரும்பும் அதற்கு ஆகாது. ட்ரோனுக்குள் உள்ள திசைகாட்டி, இரும்புப் பாலத்திலோ குளத்தின் இரும்புக் கதவடியிலோ வாகனத்தின் அருகிலோ கம்பி போட்ட கொங்கிறீட் தட்டிலோ வைத்து ஏற்றும்போது குழம்பிப் போகலாம். மொட்டை மாடி வசதியான இடமாகத் தெரிந்தாலும் அது நல்ல இடமல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடர்பு அறுந்தாலும் பற்றரி குறைந்தாலும் ட்ரோன் ஏறிய இடத்துக்குத் தானாகவே திரும்பும். எந்த உயரத்தில் திரும்ப வேண்டும் என்பதை நாம்தான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நன்கு வளர்ந்த தென்னை 25 மீற்றர் வரை உயரும். அந்த உயரத்தைக் குறைவாகக் கொடுத்துவிட்டால், திரும்பி வரும் ட்ரோன் நேரே போய் ஓலைக்குள் சிக்கும். அருகில் உள்ள தென்னை, மினாரா, கோபுரம் ஆகியவற்றில் எது மிக உயர்ந்ததோ அதைப் பார்த்து, அதற்கும் மேலாக அந்த அளவைக் குறிக்க வேண்டும்.

காற்றும் நேரமும்

சிறிய ட்ரோன்கள் பெரும்பாலும் வினாடிக்கு 10 மீற்றர் அளவிலான காற்றைத்தான் தாங்கும். நிலத்தில் இலை மெல்ல அசையும்போதும் மேலே காற்று பலமாக வீசலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வினாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் பறக்கக்கூடிய ஒரு ட்ரோன், 5 மீற்றர் வேகக் காற்றின் போக்கிலே போகிறது. அதன் வேகம் 15 ஆகிவிடும். 300 மீற்றரை 20 வினாடிகளில் கடந்துவிடும். திரும்பும்போது காற்றை எதிர்த்து வருவதால் வேகம் 5 மட்டுமே. அதே 300 மீற்றருக்கு 60 வினாடிகள் வேண்டும். மூன்று மடங்கு நேரம். பற்றரி பாதி இருக்கும்போது திரும்பினால் போதும் என்று நினைப்பவர்களின் ட்ரோன் வழியில் விழுவது இதனால்தான். முதலில் காற்றை எதிர்த்துப் போய், வரும்போது காற்றின் போக்கில் வர வேண்டும்.

கிழக்குக் கரையில் மே தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும். அது மேற்கிலிருந்து வருவதால் நமது கடற்கரையில் ட்ரோனைக் கடலை நோக்கித் தள்ளும். அதிகாலையில் வீசும் நிலக்காற்றும் கடலை நோக்கியே போகும். ஆகவே, கடற்கரை அழகான இடமாக இருந்தாலும் புதிதாகப் பழகுபவருக்கு ஏற்ற இடமல்ல. உப்புக் காற்றும் மணலும் மோட்டாருக்குள் புகுந்து அதன் ஆயுளைக் குறைக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, சுபஹுத் தொழுகைக்குப் பின்னர் நன்கு விடிந்ததிலிருந்து ஒன்பது மணிக்குள் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். நண்பகலில் நிலம் சூடேறிக் காற்றைக் கிளப்பும், பற்றரியும் சூடாகும். அஸருக்குப் பின்னர் ஒளி அழகாக இருக்கும். ஆனால், மஃரிப் நெருங்கும்போது இருட்டு விரைவாக வந்துவிடும். இடைப்பருவ மாதங்களான ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகலில் இடியுடன் மழை வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

வட்டையா, குளக்கட்டா?

நமது பகுதியில் பழகுவதற்கு மிகவும் ஏற்ற இடம் அறுவடை முடிந்த வட்டைதான். பெரும்போக அறுவடை முடிந்த மார்ச் மாதமளவிலும் சிறுபோக அறுவடை முடிந்த பின்னரும் சம்மாந்துறை போன்ற இடங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் தாளடியாகக் கிடக்கும். மரமில்லை, வீடில்லை, ட்ரோன் விழுந்தாலும் நடந்துபோய் எடுக்கலாம். பயிர் நிற்கும் காலத்தில் அதே வயல் நல்ல இடமல்ல. விழுந்த ட்ரோனைத் தேடி நான்கு பேர் கதிருக்குள் இறங்கினால் ஒரு விவசாயியின் உழைப்பு மிதிபடும்.

வட்டையில் இறங்கும் முன்னர் காணிக்காரரிடமோ வட்டவிதானையிடமோ கேட்க வேண்டும். வாடியில் இருக்கும் ஒருவரிடம் ஸலாம் சொல்லி, என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கினால் அநேகமாக மறுக்கமாட்டார். எந்தப் பக்கம் மின்வேலி இருக்கிறது, எங்கே மாட்டுப்பட்டி நிற்கிறது என்பதையும் அவரே சொல்லித் தருவார். வெட்டு மெசின் ஓடும் வயலையும் வைக்கோல் எரியும் வயலையும் தவிர்க்க வேண்டும். ட்ரோனை வரம்பில் ஒரு பழைய பாயை விரித்து அதன்மேல் வைத்து ஏற்றினால் தூசும் சருகும் விசிறிக்குள் போகாது.

இறக்காமம் போன்ற குளங்களின் கட்டு, சுற்றிலும் பார்வை எட்டும் உயர்ந்த இடம். எனினும் ட்ரோன் தண்ணீருக்கு மேலே போய்விட்டால் இறங்க இடமில்லை. சீராகப் பறக்கப் பழகிய பின்னரே குளக்கட்டுக்குப் போகலாம்.

மற்ற உயிர்கள்

வயலும் குளமும் நமக்கு மட்டும் உரியவையல்ல. ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடும். அது தலைக்கு மேலே கத்திக்கொண்டு வட்டமிட்டால் அந்த இடத்தை விட்டு விலகுவதே முறை. பருந்தும் காகமும் ட்ரோனை எதிரியாக எண்ணித் தாக்குவதுண்டு. கொக்கும் நாரையும் கூடு கட்டியுள்ள மரங்களுக்கு மேலே பறந்தால் தாய்ப் பறவை கலைந்து போகும்; முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். எருமைகள் மிரண்டால் வரம்பை உடைத்துக்கொண்டு ஓடும்.

யானையின் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். யானைகள் தேனீக் கூட்டத்தின் இரைச்சலுக்கு அஞ்சுபவை. ட்ரோனின் இரைச்சலுக்கும் விலகி ஓடுகின்றன. அவை ஓடும் திசையில் யாருடைய வாடி இருக்கிறது, எந்த ஊர் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. படம் எடுக்கும் ஆசையில் யானைக்குக் கிட்டப் போவது மனித உயிருடன் விளையாடுவதாகும்.

வளவுகளும் கிணற்றடிகளும்

இடத்தைத் தேர்வதில் பலரும் கவனிக்காத விடயம் இதுதான். நமது வீடுகளுக்கு உயரமான மதில் இருக்கிறது, வேலி இருக்கிறது. அவை வீதியில் போவோரின் பார்வையைத் தடுக்கக் கட்டப்பட்டவை. வளவுக்கு மேலே கூரையில்லை. கிணற்றடியும் உடுப்புக் காயப்போடும் கொடியும் பெண்கள் இயல்பாக நடமாடும் முற்றமும் வானத்துக்குத் திறந்தே இருக்கின்றன.

100 மீற்றர் உயரத்திலிருந்து நேர்கீழே பார்க்கும் வழமையான ட்ரோன் கமரா ஒன்றின் படத்துக்குள் ஏறக்குறைய 140 மீற்றர் அகலமும் 105 மீற்றர் நீளமும் கொண்ட நிலம் அடங்கும். பத்துப் பேர்ச் வளவு ஒன்று ஏறக்குறைய 253 சதுர மீற்றர். சாய்ந்தமருது, கல்முனை போன்ற நெருக்கமான ஊர்களில், வீதிகளைக் கழித்தாலும் ஒரே படத்தில் நாற்பது ஐம்பது வளவுகள் விழும். நமது வீட்டை மட்டும்தான் எடுத்தோம் என்று சொல்ல முடியாது. ட்ரோனை 30 மீற்றருக்கு இறக்கினால் வளவுகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் ஆட்கள் தெளிவாகத் தெரிவார்கள்.

சூறா அந்நூரின் 27ஆவது வசனம், பிறர் வீடுகளுக்குள் அனுமதி பெற்று ஸலாம் சொல்லாமல் நுழைவதைத் தடுக்கிறது. சூறா அல்ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் பிறரைத் துருவி ஆராய்வதைத் தடை செய்கிறது. வாசலில் நின்று அனுமதி கேட்கும் ஒழுக்கத்தைச் சிறுவயதிலேயே கற்ற நாம், மேலே இருந்து கமராவால் உள்ளே போவதற்கு மட்டும் வேறொரு நியாயம் சொல்ல முடியாது. இயக்குபவர் கெட்ட எண்ணம் இல்லாதவராக இருக்கலாம். மேலே இரைச்சல் கேட்டதும் கிணற்றடியிலிருந்து எழுந்து உள்ளே ஓடும் ஒரு தாய்க்கு அது எப்படித் தெரியும்?

ஆகவே, கடைசி வீட்டிலிருந்து குறைந்தது 200 மீற்றராவது வயலுக்குள் நடந்து சென்று அங்கிருந்து ஏற்ற வேண்டும். கமராவின் முகம் ஊருக்குப் புறங்காட்டி வயலை நோக்கியிருக்க வேண்டும். தவறி யாருடைய வளவாவது படத்தில் விழுந்தால் அதை எவருக்கும் அனுப்பாமல் அங்கேயே அழித்துவிட வேண்டும். மையவாடி, குளிக்கும் துறை, மத்ரஸா விடுதி ஆகியவற்றுக்கு மேலே பறக்கவே கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று சில பெற்றோர் கேட்கலாம். நில அளவை, விவசாயம், அனர்த்த முகாமைத்துவம் ஆகிய துறைகளில் ட்ரோன் ஒரு கருவியாகிவிட்டது. பத்தரமுல்லையைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனமும் தனது ஆய்வுகளில் அதைப் பயன்படுத்தியுள்ளது. நாளை இந்தத் துறைகளுக்குப் போகும் நமது மாணவியர், ஒரு வளவின் மானத்தையும் ஒரு விவசாயியின் பயிரையும் மதிக்கத் தெரிந்தவர்களாக அங்கே போவது சமூகத்துக்கு நன்மை.

தனியே அனுப்ப வேண்டியதில்லை. ட்ரோன் பறப்புக்கு இருவர் தேவை. ஒருவர் திரையைப் பார்த்து இயக்குவார். மற்றவர் திரையைப் பாராமல் ட்ரோனையும் வானத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டு, பறவை வருகிறது, ஆள் வருகிறார், கம்பி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். வாப்பாவோ உம்மாவோ மூத்த சகோதரரோ அந்த இரண்டாமவராக இருக்கலாம். வெள்ள காலத்தில் மீட்பு ஹெலிகொப்டர்கள் பறக்கும்போது, அதிகாரிகள் கேட்டாலொழிய ட்ரோனை வெளியே எடுக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர்களின் கடமை.

இறுதியாக, ஒரு சிறிய கொப்பியை ட்ரோன் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இடத்தின் பெயர், திகதி, நேரம், காற்று வந்த திசை, யாரிடம் அனுமதி பெற்றோம், அருகே இருந்த மிக உயர்ந்த பொருள் எது, எந்தப் பறவைகள் இருந்தன என்பவற்றை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். இரண்டு போகம் கழியும்போது உங்கள் ஊரில் எந்த மாதத்தில் எந்த வட்டை நல்லது, எந்தக் குளக்கட்டைத் தவிர்க்க வேண்டும் என்பது அந்தக் கொப்பியில் இருக்கும். அடுத்துப் பழக வரும் தங்கைக்கு அதைக் கொடுக்கலாம்.