ஒரு மில்லிவிநாடி எவ்வளவு நேரம்?

டிஎஸ்18பி20 என்றொரு வெப்பநிலை சென்சார் இருக்கிறது. மூன்று கால் கொண்ட சிறு கறுப்புத் துண்டு. இதை லினக்ஸ் ஓடும் ராஸ்பெர்ரி பை பலகையில் பொருத்தி வெப்பநிலையைக் கேட்டால், பதில் வர முக்கால் விநாடி பிடிக்கும். மிகத் துல்லியமான 12 பிட் அளவீட்டுக்கு அதற்கு 750 மில்லிவிநாடி வரை தேவை. மனிதருக்கு அது ஒன்றுமில்லை. விநாடிக்கு 100 கோடி துடிப்புகளில் ஓடும் பிராசசருக்கோ, அந்த நேரத்தில் 75 கோடி துடிப்புகள் கடந்துவிடும். அத்தனையையும் வெறுமனே பார்த்திருந்து கழிப்பது அநியாயம். அதனால் லினக்ஸின் மையமான கெர்னலில் இருந்துகொண்டு இந்தச் சென்சாரை இயக்கும் டிரைவர், "முக்கால் விநாடி கழித்து என்னை எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறது. பிராசசர் வேறு வேலையைக் கவனிக்கிறது.

அளவீடு முடிந்து எண்ணை வாங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. இந்தச் சென்சார் ஒரே கம்பி வழியாகத்தான் பேசும், ஒரு நேரத்தில் ஒரு பிட்தான் தரும். டிரைவர் கம்பியை 6 மைக்ரோவிநாடி தாழ்த்திப் பிடித்து விடுகிறது. மேலும் 9 மைக்ரோவிநாடி பொறுத்து, கம்பியில் இருப்பது பூஜ்யமா ஒன்றா என்று பார்க்கிறது. அந்த 15 மைக்ரோவிநாடிக்குள் பார்க்கத் தவறினால் வந்த பிட் தவறாகிவிடும். இங்கே தூங்க வழியில்லை. வேறு எந்தக் குறுக்கீடும் நுழையாதபடி கதவைச் சாத்திக்கொண்டு, பிராசசரை வெற்றுச் சுழற்சியில் ஓடவிட்டே நேரத்தைக் கடத்துகிறது.

ஒரே டிரைவர், ஒரே சென்சார். ஆனால் காத்திருக்கும் முறை இரண்டு. சாதனத்தை எப்படி இயக்குவது என்பதைப் பெரும்பாலும் அதன் கையேடு சொல்லிவிடும். எப்படிக் காத்திருப்பது என்பதை எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். டிரைவரின் வேகம் பெரிதும் அதில்தான் அடங்கியிருக்கிறது என்பேன்.

தூக்கம் இலவசமல்ல. ஓடுகிற வேலையின் நிலையைச் சேமித்து வைக்க வேண்டும், வேறொன்றைக் கொண்டுவர வேண்டும், டைமர் அடித்ததும் மறுபடி பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இதற்கே சில மைக்ரோவிநாடிகள் போய்விடும். எனவேதான் சுமார் 10 மைக்ரோவிநாடிக்கு உட்பட்ட இடைவெளிகளுக்குச் சுழன்றே காத்திருக்கும் 'யூடிலே' போதும் என்று கெர்னலின் வழிகாட்டி ஆவணம் சொல்லிவந்தது. பத்து இருபது மில்லிவிநாடிக்கு மேற்பட்டவற்றுக்கு 'எம்ஸ்லீப்'. சிக்கலெல்லாம் இவ்விரண்டுக்கும் நடுவில்தான்.

'எம்ஸ்லீப்' பழைய கடிகாரத்தை நம்பியது. கெர்னலுக்குள் சீரான இடைவெளியில் டிக் டிக்கென்று ஒரு துடிப்பு ஓடுகிறது. கெர்னலை எப்படி அமைத்தார்கள் என்பதைப் பொறுத்து அது விநாடிக்கு 100, 250, 300 அல்லது 1000 முறை அடிக்கும். தூங்கும் வேலையை எழுப்புவது அந்த அடியின்போது மட்டுமே. அரை மணிக்கு ஒரு டவுன் பஸ் வரும் ஊரில், ஐந்து நிமிடத்தில் கிளம்பத் தயார் என்றாலும் அடுத்த பஸ் வரும்வரை நின்றுதானே ஆக வேண்டும்? விநாடிக்கு 100 துடிப்பு என்றால் ஒவ்வொன்றும் 10 மில்லிவிநாடி. கேட்டதைவிடக் குறைவாகத் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒரு துடிப்பை நெடுங்காலம் கூடுதலாகவும் சேர்த்துவந்தார்கள். ஆக, 1 மில்லிவிநாடி கேட்ட டிரைவர் 20 மில்லிவிநாடி வரை தூங்க நேர்ந்தது.

இதைப் போலிங் செய்யும் சுழற்சிக்குள் வைத்துப் பாருங்கள். சாதனம் தயாரா என்று ஒரு டிரைவர் கேட்கிறது. இல்லையென்றால் 1 மில்லிவிநாடி தூங்கி மறுபடி கேட்கிறது. 100 முறை கேட்டால் 100 மில்லிவிநாடிதான் ஆகும் என்பது எழுதியவரின் கணக்கு. இரண்டு விநாடி வரை ஆகலாம் என்பது நிஜம். அதே நிரல் விநாடிக்கு 1000 துடிப்புள்ள கணினியில் மிக வேகமாக ஓடும். எழுதியவரின் மேஜையில் எல்லாம் சரியாக இருக்கும், வாடிக்கையாளரின் பலகையில் ஊர்ந்து போகும்.

2006-ல் கெர்னலுக்குள் வந்த துல்லிய டைமர்கள் இந்தத் துடிப்பிலிருந்து தூக்கத்தை விடுவிக்க வழி செய்தன. அவற்றின் மேல் 2010-ல் 'யூஸ்லீப் ரேஞ்ச்' கட்டப்பட்டது. அதன் வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது: அது ஒரு எண்ணைக் கேட்பதில்லை, இரண்டைக் கேட்கிறது. குறைந்தது 1000 மைக்ரோவிநாடி, அதிகம் போனால் 1500 என்று சொன்னால், அந்த இடைவெளியில் வேறொரு டைமர் எப்படியும் அடிக்கப்போகிறதா என்று கெர்னல் பார்க்கும். இருந்தால் இரண்டையும் ஒரே எழுப்புதலில் முடித்துவிடும். பிராசசர் விழிக்கும் தடவை குறைகிறது, மின்சாரம் மிஞ்சுகிறது. எனக்கு இவ்வளவு தாமதம் பரவாயில்லை என்று டிரைவர் நேர்மையாகச் சொன்னால் முழுக் கணினிக்கும் அது பயன்படுகிறது.

வேகமான என்விஎம்இ சேமிப்பகங்கள் வந்தபின் இதே கேள்வி மறுபடி எழுந்தது. சில மைக்ரோவிநாடிகளில் பதில் தரும் சாதனத்துக்காகத் தூங்கி விழிப்பது நஷ்டம். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் பிராசசரின் ஒரு கோர் முழுதாகப் போய்விடும். 2017-ல் வெளிவந்த கெர்னலின் 4.10 பதிப்பில் ஒரு நடுவழி இருந்தது: வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகிறதோ அதில் பாதியைத் தூங்கிக் கழித்து, மீதிக்கு மட்டும் போலிங். அழகான யோசனை. ஆனால் பின்னாளில் அதைப் பயன்படுத்தும் வழியே இல்லாமல் போனதால் 2023-ல் நீக்கிவிட்டார்கள்.

டிரைவர் எழுதப் பழகும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை முறை கேட்டோம் என்று எண்ணிக் காலக்கெடு வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து வையுங்கள். இதற்கென்றே கெர்னலில் ஆயத்த மேக்ரோக்கள் இருக்கின்றன. கெடு முடிந்த பிறகும் அவை சாதனத்தை இன்னொரு முறை கேட்டுப் பார்க்கின்றன. ஏனென்றால் தாமதித்தது சாதனமாக இல்லாமல், பிராசசர் கிடைக்காமல் நின்ற உங்கள் டிரைவராகவும் இருக்கலாம்.