திருநாட் காலைக்கு ஐவண்ண அப்பம்

பெரும்போக நெல் களஞ்சியஞ் சேர்ந்து, தோட்டத்துக் கரட்டும் பீற்றூட்டும் பூசணியும் சந்தைக்குச் செல்லுங் காலத்தை அடுத்துச் சித்திரைப் புத்தாண்டு பிறக்கின்றது. கமக்காரர் இல்லங்களில் உணவுப் பொருள் நிறைந்திருக்கும் காலம் இதுவே. எனினும், அத்திருநாட் காலையில் அவ்வில்லங்கள் பலவற்றிற் கடையில் வாங்கிய பாணும், நிறமூட்டிய கேக்கும் பிசுக்கோத்துமே விருந்தினருக்கு வைக்கப்படுகின்றன. நெல்லையும் மரக்கறியையும் விளைவித்தவர், அவற்றைக் குறைந்த விலைக்கு விற்று, அப்பணத்தைக் கொண்டு கோதுமை மாப் பண்டங்களைக் கூடிய விலைக்கு வாங்குகின்றனர்.

இலங்கையில் உண்ணப்படுங் கோதுமை பிற நாடுகளிலிருந்தே கொண்டுவரப்படுகின்றது. 2022 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது கோதுமை மாவின் விலை பலமுறை உயர்ந்ததையும், அதனுடன் பாணின் விலை ஏறியதையும் எவரும் மறந்திருக்கமாட்டார். அரிசி மாவோ நமது வயலின் விளைவு.

பிள்ளைகள் நிறமுள்ள பண்டங்களை விரும்புதல் இயல்பு. அவ்விருப்பத்தைக் கடிந்து பயனில்லை. வீட்டு விளைவைக் கொண்டே அதனை நிறைவு செய்தல் தக்கது. வெள்ளை, மஞ்சள், பச்சை, ஊதா, சிவப்பு ஆகிய ஐந்து நிறங்களில் அப்பஞ் சுடுதற்கு வேண்டியவை யாவும் வயலிலும் தோட்டத்திலும் வேலியோரத்திலும் உள்ளன. ஒவ்வொரு நிறத்தின் இயல்பையும் அறிந்து, அதனை உரிய வேளையிற் சேர்த்தலே இதிற் கைக்கொள்ள வேண்டிய முறையாகும்.

அரிசியைத் தெரிதல்

அப்பத்திற்குப் பச்சை அரிசியே ஏற்றது. புழுங்கலரிசியின் மாப்பொருள் முன்னரே வெந்திருத்தலால் அதன் மா நன்கு பொங்குவதில்லை. இடியப்பத்திற்கென வறுத்து வைத்த மாவும் இதற்கு உதவாது.

நெல்லைக் குற்றும்போது உண்டாகுங் குறுணலை மிகக் குறைந்த விலைக்கு விற்றுவிடுதல் பலரது வழக்கம். மாவாக்கும்போது முழு அரிசிக்கும் குறுணலுக்கும் வேறுபாடில்லை. ஆகவே, கல்லும் உமியும் நீக்கிய தூய குறுணலை அப்பத்திற்கென ஒதுக்கி வைத்தல் ஆதாயமாகும். பூஞ்சணம் பிடித்ததும், ஈரவாடை வீசுவதுமான குறுணலை மனிதர் உண்ணலாகாது.

மரக்கறிச் சாற்றின் நிறம் தெளிவாகத் தோன்ற வேண்டுமாயின் வெள்ளை அரிசியைப் பயன்படுத்துதல் வேண்டும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற சிவப்பரிசிகள் தமக்கெனச் செம்பழுப்பு நிறமுடையவை. அவற்றின் மாவிற் பிற நிறங்கள் மங்கிவிடும். சிவப்பரிசி அப்பத்தைத் தனியாகச் சுடுதலே சிறந்தது. தவிடு நீங்காத சிவப்பரிசி மாவில் உயிர்ச்சத்து பி வகையும் நார்ப்பொருளும் மிகுதி. ஆயினும், தவிட்டிலுள்ள எண்ணெய் காரணமாக அம்மா விரைவிற் சிக்கல் வாடை கொள்ளும். எனவே, வேண்டிய அளவை மாத்திரம் அவ்வப்போது இடித்துக் கொள்ளுதல் நன்று.

மா புளிக்க வைத்தல்

ஏறத்தாழ 20 அப்பங்களுக்கு வேண்டியவை:

பச்சை அரிசி — 500 கிராம்
மதுவம் (ஈஸ்ற்) — அரைத் தேக்கரண்டி
சீனி — 1 மேசைக்கரண்டி
பெரிய தேங்காய் — 1
உப்பு — அளவாக

அரிசியைக் கழுவி 4 மணி நேரம் ஊறவிட்டு, நீரை வடித்து, இடித்து அல்லது ஆலையில் திரித்து அரித்துக் கொள்க. அரிதட்டில் எஞ்சுங் குறுணியில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, ஒரு கோப்பை நீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி ஆறவிடுக. இக்கூழைச் சேர்க்காது விடுதல் கூடாது. கோதுமை மாவிற் குளூற்றன் என்னும் பசைப்புரதம் உண்டு. புளிக்கும்போது எழும் வாயுவை அது பிடித்து வைக்கும். அரிசி மாவில் அப்புரதம் இல்லை. வெந்த கூழின் பசையே வாயுக் குமிழிகளைத் தாங்கி, அப்பத்தின் நடுப்பகுதியை மென்மையாக்குகின்றது.

மதுவத்தையுஞ் சீனியையும் அரைக் கோப்பை இளஞ்சூடான நீரிற் கரைத்துப் பத்து நிமிடம் வைக்க நுரை எழும். நுரை எழாதாயின் மதுவம் பழுதடைந்ததென அறிந்து வேறு பயன்படுத்துக. கொதிநீர் மதுவத்தைக் கொன்றுவிடும். முன்னாளில் இதற்குப் பனங்கள்ளு அல்லது தென்னங்கள்ளு சேர்க்கப்பட்டது. கள்ளில் இயல்பாக வாழும் மதுவங்களே மாவைப் பொங்கச் செய்தன. இன்றும் நற்கள்ளு கிடைக்குமிடத்து அதனை அரைக் கோப்பை சேர்த்துக் கொள்ளலாம்.

மா, ஆறிய கூழ், மதுவக் கரைசல் ஆகியவற்றைச் சேர்த்து, வேண்டிய அளவு இளநீர் அல்லது நீர் விட்டுத் தடித்த பதத்திற் பிசைந்து, இரு மடங்கு கொள்ளத்தக்க பாத்திரத்தில் இட்டு மூடி, இரவு முழுவதும் வைக்குக. மதுவம் சீனியை உண்டு காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடுதலால் மா பொங்கும். வெப்பம் மிகுந்த நாள்களில் 5 அல்லது 6 மணி நேரமே போதும். அதற்கு மேல் வைத்தால் மா மிகப் புளித்துவிடும்.

காலையிற் பொங்கிய மாவில் உப்பும், தேங்காயின் இரண்டாம் பாலும் சேர்த்துக் கரைத்து, இறுதியாக ஒரு கோப்பை முதற்பால் விடுக. அகப்பையால் வார்க்கும்போது தடையின்றி ஒழுகுவதே உரிய பதம். புது நெல்லின் அரிசி குறைந்த நீரையே ஏற்குமாதலால், பாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பதம் பார்த்தல் வேண்டும்.

நிறங்களும் அவற்றின் இயல்பும்

கரைத்த மாவை ஐந்து பாத்திரங்களிற் பங்கிடுக. ஒரு பங்கு வெள்ளையாக இருக்கட்டும். ஏனைய நான்கிற்கும் நிறஞ் சேர்க்கும் முறை பின்வருமாறு:

மஞ்சள்: முற்றிய பூசணி அல்லது கரட் 100 கிராம் எடுத்து, அவித்து மசித்து, மூன்று மேசைக்கரண்டி அளவு கலக்குக. இவற்றின் நிறப்பொருளாகிய கரோட்டின் சூட்டினால் எளிதில் அழிவதில்லை. அது கொழுப்பிற் கரையும் இயல்புடையது. தேங்காய்ப் பாலுடன் உண்ணப்படும்போது உடலில் நன்கு சேர்ந்து, உயிர்ச்சத்து ஏ ஆக மாறிக் கண்ணுக்கு நன்மை பயக்கும். ஐந்து நிறங்களுள் இதுவே தவறாது நிலைப்பது. முதன்முறை செய்வோர் இதிலிருந்து தொடங்கலாம்.

பச்சை: ஒரு பிடி பசளியிலையைக் கொதிநீரில் அரை நிமிடம் அமிழ்த்தி, உடனே குளிர்ந்த நீரிலிட்டு, அரைத்து வடித்துச் சாற்றைச் சேர்க்குக. இலையிலுள்ள பச்சையம் புளிப்புப் பொருளுடன் நெடுநேரம் இருந்தால், அல்லது நெடுநேரம் வெந்தால், தன்னகத்துள்ள மகனீசியத்தை இழந்து மங்கிய பழுப்புப் பச்சையாகும். ஆகையால், இச்சாற்றை இரவிலே மாவுடன் கலத்தல் கூடாது. சுடுவதற்குச் சற்று முன்னரே கலத்தல் வேண்டும்.

ஊதா: வேலிகளிற் படர்ந்து பூக்கும் காக்கணம் எனப்படும் சங்குப்பூவின் நீல மலர்கள் பத்தினைக் காம்பு நீக்கிக் கழுவி, கால் கோப்பை வெந்நீரில் ஊறவைத்தால் நீர் ஆழ்ந்த நீலமாகும். இதனைப் புளித்த மாவிற் கலக்க, நீலம் ஊதாவாக மாறும். இம்மலரின் அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் புளிப்பைச் சார்ந்து நிறம் மாறுதலே இதற்குக் காரணம். பிள்ளைகள் கண்டு மகிழ்தற்கும், காரணங் கேட்டுக் கற்றற்கும் இது நல்ல காட்சியாகும்.

சிவப்பு: ஒரு சிறிய பீற்றூட்டைத் தோல் சீவித் துருவி, சிறிது நீர் தெளித்துப் பிழிந்து, இரண்டு மேசைக்கரண்டி சாறு சேர்க்குக. பீற்றூட்டின் நிறம் மாவின் மென்புளிப்பில் நன்கு நிலைக்கும். ஆனால் நெடுஞ்சூட்டிற் கெடும். சாற்றைத் தனியே காய்ச்சாது பச்சையாகவே சேர்த்து, அப்பத்தை விரைவில் இறக்குதல் வேண்டும். மா பொங்கவில்லையென்று அப்பச்சோடாவை அள்ளிப் போடுதல் பெருந்தவறு. அப்பச்சோடா புளிப்பை மாற்றுதலால் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். ஊதாவும் பழைய நீலத்தை நோக்கித் திரும்பும்.

பிழிந்த பீற்றூட் சக்கையை எறிதல் வேண்டா. தேங்காய்ப்பூவுடன் சேர்த்துச் சம்பலாக்கலாம். பீற்றூட்டின் இளந்தழை வறைக்கு உகந்தது. கிளைத்தும் வளைந்தும் போனமையால் வியாபாரி ஒதுக்கிய கரட், பீற்றூட் கிழங்குகளும் அழுகலற்றனவாயின் இவ்வேலைக்கு முற்றும் ஏற்றவை.

சுடும் முறை

எண்ணெய் ஏறிப் பழகிய இரும்புத் தாச்சியைச் சூடாக்கி, நல்லெண்ணெய் தோய்த்த துணியால் துடைக்குக. ஓர் அகப்பை மாவை வார்த்து, தாச்சியின் இரு காதுகளையும் பிடித்து ஒருமுறை சுழற்றினால் விளிம்பில் மெல்லிய கரை படியும். மூடி இரண்டு, மூன்று நிமிடம் வேகவிடுக. கரை முறுகி, நடுப்பகுதி பஞ்சுபோல் எழுந்தவுடன் எடுத்துவிடலாம்.

கரட், பூசணி, பீற்றூட் ஆகியவற்றில் இயற்கைச் சீனி இருத்தலால் அவை கலந்த அப்பங்கள் விரைவிற் கருகும். அவற்றிற்குத் தணலைக் குறைத்தல் வேண்டும். முதலில் வெள்ளை, பின்னர் மஞ்சள், பச்சை, ஊதா, இறுதியிற் சிவப்பு என்னும் ஒழுங்கிற் சுட்டால் ஒன்றன் நிறம் மற்றொன்றிற் படியாது.

திருநாளுக்கேற்ற சுவை வேண்டுவோர், தாச்சியிலுள்ள அப்பத்தின் நடுவில் இரண்டு மேசைக்கரண்டி முதற்பாலும் சிறிது சீனி அல்லது சீவிய பனங்கட்டியும் இட்டுப் பாலப்பமாக்கலாம். வெள்ளை அப்பத்தின் நடுவில் முட்டையை உடைத்து விட்டால் அதுவே முட்டையப்பமாகும். புரதமும் அதனாற் கிடைக்கும். உறைப்பு விரும்புவோருக்குச் செத்தல் மிளகாய்ச் சம்பல் பொருந்தும். வாழைப்பழமும் உடன் வைக்குக.

கவனிக்க வேண்டியவை

1. பூச்சிநாசினி தெளித்த தோட்டத்திற் கீரையையும் மரக்கறியையும் மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டிற் குறித்த இடைவெளி நாள்கள் கழிந்த பின்னரே பறித்தல் வேண்டும். விற்பனைக்குரிய பயிருக்கும் வீட்டுத் தேவைக்குரிய பயிருக்கும் விதி ஒன்றே.

2. சங்குப்பூவை வீதியோரப் புழுதியிலும், மருந்து தெளித்த வேலிகளிலும் பறித்தலாகாது.

3. துணிச்சாயமோ, பெயரறியாத நிறப்பொடியோ உணவிற் சேர்க்கப்படக் கூடாது. உணவிற் சேர்க்கத்தக்க நிறப்பொருள்கள் எவையென்பதை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான பிரமாணங்கள் வரையறுத்துள்ளன.

4. பீற்றூட் உண்டபின் சிலருக்குச் சிறுநீர் செந்நிறமாகலாம். பீற்றூட்டின் நிறமே இதற்குக் காரணமாயின் அஞ்ச வேண்டியதில்லை. பீற்றூட் உண்ணாதபோது அவ்வாறு தோன்றினால் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

5. தேங்காய்ப் பால் சேர்ந்த மாவை அன்றே சுட்டு முடித்தல் வேண்டும். எஞ்சியதை மறுநாளுக்கு வெளியில் வைத்தலாகாது.

வருவாய்க்கும் வழி

வீட்டிற் கைவந்த இப்பண்டம் சந்தைக்கும் உரியது. வட மாகாணத்தில் ‘அம்மாச்சி’ என்னும் பெயரிலும், ஏனைய இடங்களில் ‘ஹெல பொஜுன்’ என்னும் பெயரிலும் பெண்கள் நடாத்தும் உணவகங்கள், உள்ளூர் அரிசியிலும் சிறுதானியத்திலுமான உணவுகளை வாங்குவோர் முன்னிலையிலேயே சமைத்து விற்று வருகின்றன. ஒரு கிலோ குறுணல், ஒரு கிலோ பீற்றூட் ஆகியவற்றின் விலையையும், அவற்றைக் கொண்டு சுடத்தக்க அப்பங்களின் விலையையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டால், விளைபொருளை உணவாக்கி விற்பதன் பயன் எளிதில் விளங்கும். தேங்காய், விறகு, உழைப்பு ஆகியவற்றின் செலவையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

சந்தையில் மரக்கறி விலை வீழ்ச்சியுறும்போது, மூடை மூடையாகக் கிழங்கை நட்டத்திற்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புதல் கமக்காரருக்குப் பழகிப்போன துன்பம். ஐந்து அப்பங்களால் அத்துன்பம் முற்றாகத் தீர்ந்துவிடாது. எனினும், தாம் விளைவித்தவற்றின் நன்மையை முதலில் தம் பிள்ளைகள் பெறுதலும், எஞ்சியதை மதிப்புக் கூட்டி விற்றலும் அவர்கள் கையிலேயே உள்ளன. வருந் திருநாட் காலையில் ஒரு நிறத்திலேனும் இதனைச் செய்து பார்த்தல் நன்று.

குறுணல், சிவப்பரிசி இனங்கள், வீட்டுத்தோட்ட மரக்கறிச் செய்கை ஆகியன பற்றிய மேலதிக விபரங்களைத் தங்கள் பகுதிக் கமநல சேவைகள் நிலையத்தில், விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து கொள்ளலாம்.