படுத்திருக்கும் கிழவி

தெற்கே பாருங்கள். மல்லாந்து படுத்த பெண்ணைப் போல மலைவரிசை தெரியும்: நெற்றி, மூக்கு, மார்பு, முழங்கால். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லூயிஸ் தீவின் கேலிக் மொழியில் இவள் ‘கலியாக் ந மோன்டியாக்’, அதாவது சதுப்புவெளிக் கிழவி. ஆங்கிலத்தில் ‘தூங்கும் அழகி’ என்கிறார்கள், கிழவிதான் பொருத்தம். 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலவு தன் தென்கோடிப் பாதைக்கு வரும்போது, கலனிஷில் பழங்காலத்தில் நட்டுவைத்த கற்களிலிருந்து பார்த்தால் இவள் உடலை ஒட்டியே எழும்.

மற்ற மேடுகளின் பெயர்களிலும் உடல் உண்டு. ‘ஸ்ரோன்’ மூக்கு, துருத்தி நிற்கும் மலைமுனை. ‘த்ரிம்’ முதுகு, நீண்ட மேடு.

பழுப்புச் சதுப்பின் நடுவே எங்காவது பளிச்சென்று பச்சைத் திட்டு தெரிகிறதா? அங்கே ஒரு ‘ஆரி’, அதாவது கோடைமேய்ச்சல் குடில், இருந்திருக்கலாம். கோடை தொடங்கியதும் பெண்களும் பிள்ளைகளும் மாடுகளை இங்கே ஓட்டிவந்து, கல்லும் புல்மண் கட்டிகளும் அடுக்கிய குடிலில் தங்கி வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தார்கள். அந்தப் பச்சை, தலைமுறை தலைமுறையாக விழுந்த சாணத்தின் வேலை. வரைபடத்தில் ‘ஆரி’ என்று தொடங்கும் பெயர்கள் ஏராளம். இவ்வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது.

ஏரிப் பெயர்களில் வரும் ‘தூ’ கறுப்பு. கரைந்த சதுப்புக்கரியால் நீர் அப்படித் தெரிகிறது. கையில் அள்ளினால் பால் விடாத தேநீர் நிறம்.

ஷாபோஸ்ட், லூர்போஸ்ட் என ‘போஸ்ட்’டில் முடியும் ஊர்ப்பெயர்கள் கேலிக் அல்ல. 1266 வரை லூயிஸும் அக்கம்பக்கத் தீவுகளும் நார்வே அரசருக்கு உட்பட்டிருந்தன. அன்றைய நார்வேக் குடியேறிகள் தங்கள் பண்ணைகளுக்கு இட்ட பெயர்களைக் கேலிக் நாக்கு தன் ஓசைக்கு வளைத்துக்கொண்டது.