மந்தமான பின் வரும் வேகம்

நம் பெங்களூரில் மேக்ரி சர்க்கிள் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ராமன் ஆராய்ச்சி நிலையம் தெரிந்த இடம்தான். அங்கே உருவான ஒரு கருத்தை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் உட்பகுதியே நியூட்ரான் விண்மீன். குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர். எடையோ சூரியனைவிட அதிகம். நண்டு நெபுலாவில் உள்ள இளம் நியூட்ரான் விண்மீன் வினாடிக்கு 30 முறை சுழல்கிறது. துணை விண்மீனோடு இருக்கும் 'வேலா எக்ஸ்-1' ஒருமுறை சுழல 283 வினாடி ஆகிறது. ஏன் இந்த மந்தம்?

துணையிடமிருந்து வாயு காற்றாக வீசுகிறது. வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீனின் காந்தப்புலம் அதை வெளியே வீசியடிக்கிறது. கெட்டித் தயிரைக் கடையும்போது கை கனக்கிறதல்லவா? அதுபோல, வீசியடிக்க அடிக்கச் சுழற்சி குறைகிறது.

அப்போது உள்ளே என்ன நடக்கும்? 1990-ல் ஜி.ஸ்ரீனிவாசனும் உடன் ஆய்வாளர்களும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு விளக்கம் தந்தார்கள். விண்மீனின் உள்ளே உள்ள நுண்சுழல்கள் வெளிப்புறமாக நகரும். காந்தப்புலத்தையும் இழுத்துச் செல்லும். மேலோட்டுக்கு வந்த புலம் நாளடைவில் தேயும்.

பிற்பாடு துணையின் வாயு சுற்றிச் சுற்றி வந்து விழும்போது விண்மீன் மறுபடி வேகம் பெறும். 1982-லேயே இதைச் சொன்னவர்களில் இந்நிலையத்தின் வி.ராதாகிருஷ்ணனும் ஸ்ரீனிவாசனும் உண்டு. வலுவான காந்தம் அந்த வேகத்துக்குத் தடை. முதலில் நன்றாக மந்தமானால்தான் பிறகு வினாடிக்கு நூற்றுக்கணக்கான சுற்று என்பதே என்னை வியக்க வைத்த செய்தி.